கேஸில் இல்லாத பல்

மயக்க மருந்துப் பேராசிரியர் நோயாளி உடுப்பை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். முகம் உம்மென்று இருந்தது.

பயிற்சி மருத்துவர்கள் மூன்று பேர் சுற்றி நின்றார்கள்.

வகுப்பே இதுதான். அவர் மளிகைக்கடைக்காரராக நடிப்பார். பித்தப்பையில் கல், நாளைக்கு ஆபரேஷன். மயக்கம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு, அவர் மறைக்கும் ஆபத்தை இவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையைத்தான் மளிகைக்கடைக்காரர் வருஷா வருஷம் மறைப்பார். சீனியர்கள் ஜூனியர்களின் காதில் போட்டுவிட்டுப் போகிற ரகசியம் அது.

மூன்றாவதாக நின்ற பெண்ணின் காதில் மட்டும் யாரும் போடவில்லை. போட்டால் ஆயிரம் கேள்வி கேட்பாள். அவளுக்கு வைத்த பெயரே சந்தேகம். தேவையில்லாததைக் கேட்டு நேரத்தைத் தின்கிறாள் என்று பேராசிரியர் அவளை இரண்டு முறை ஃபெயிலாக்கியிருந்தார். இன்றும் கோட்டைவிட்டால் மொத்தப் பயிற்சியும் திரும்ப முதலிலிருந்து.

முதலாமவன் வணக்கம்கூடச் சொல்லாமல் மாத்திரையைப் பற்றிக் கேட்டான்.

"அப்படி ஒண்ணும் போடறதில்லையே" என்றார் கடைக்காரர்.

இரண்டாமவன் அதையே சுற்றி வளைத்துக் கேட்டான். கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். அத்தோடு இரண்டு பேரின் கைச்சரக்கும் தீர்ந்தது.

சந்தேகம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்றாள். முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்திருக்கிறார்களா என்றாள். குறட்டை விடுவீர்களா என்று கேட்டபோது கடைக்காரர் அவளை முறைத்தார். குறட்டையா, அவரா?

பிறகு வாயைத் திறக்கச் சொன்னாள். அவருக்குத் திறக்க மனமில்லை. விடுகிற ஆளா அவள்? கையுறை மாட்டிய விரலால் மேல்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

முன்பல் ஒன்று ஆடியது.

தொண்டைக்குள் குழாய் விடும்போது இப்படி ஒரு பல் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போனால் தீர்ந்தது கதை.

"அது கேஸ்ல இல்லம்மா." பேராசிரியர் கடைக்காரரின் குரலைக் கைவிட்டிருந்தார்.

"வாயில இருக்கே சார்."

மற்ற இருவரும் சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார்கள். மூன்றாவது முறையும் போச்சு. இருந்தாலும் குறித்துக்கொண்டாள். ஆடுகிற பல்லை ஆடவில்லை என்று எப்படி எழுதுவது?

அப்போது கதவைத் திறந்துகொண்டு பேராசிரியரின் மனைவி வந்தார். தோளில் பெரிய பை. அதற்கு வெளியே துண்டும் வீட்டுச் செருப்பும் எட்டிப் பார்த்தன.

"ரூம் குடுத்துட்டாங்க. காலையில ஆபரேஷனுக்கு உங்களத்தான் முதல்ல உள்ள எடுக்கறாங்களாம்" என்றவர், கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "பல்லு ஆடறத சொன்னாரா? என்கிட்டயே மறைச்சவராச்சே. குறட்டையையும் எழுதிக்கோங்கம்மா. அதுக்குப் பயந்துதான் நான் ஹால்ல படுக்கறேன்."

உடுப்பும் பித்தப்பைக் கல்லும் நடிப்புக்காக என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள். அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த நோயாளிப் பட்டையை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

ஸ்டூலிலிருந்து எழப்போன சந்தேகம் மறுபடி உட்கார்ந்தாள். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கடைசியில் அதை மறக்காமல் கேளுங்கள் என்று பேராசிரியரே வகுப்பில் சொல்லிக்கொடுத்தது.

"பயமா இருக்கா சார்?"

மனைவி பையைக் கீழே வைக்கக் குனிகிற வரை பேராசிரியர் காத்திருந்தார். பிறகு ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"காலையில நீயும் உள்ள இரு."

"இருக்கேன் சார்." கொஞ்சம் தயங்கினாள். "அப்ப நான் பாஸா?"

"நாளைக்குக் கண்ணு முழிச்சதும் சொல்றேன்."