சிந்தாத டீ

காற்று ஏறுகிறது. படபடத்த வெள்ளைப் பாய் விறைக்கிறது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் படகு இது. சுக்கான் பிடித்திருக்கும் மனைவிக்குப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். கணவனுக்கு மாதக்கணக்கில் கடலில் குடித்தனம் நடத்த வேண்டும். இதற்கு முன் பார்த்ததில் ஒன்று பறந்தது, ஆனால் படுக்க இடமில்லை. இன்னொன்றில் கட்டில் இருந்தது, அந்தப் படகும் கட்டிலைப் போலத்தான் நகர்ந்தது. இதிலோ சுக்கான் உள்ளங்கையில் துடிக்க, அவளுக்கு மயிர்க்கூச்செறிகிறது. கீழே, சமையல் மூலையில், வீட்டிலிருந்து தூக்கி வந்த டீப் பாத்திரத்தோடு அவன். “டீ என்னாச்சுங்க?” இந்தச் சாய்வில் டீ கொட்டியிருக்கும், இந்தப் படகும் போச்சு என்று நினைக்கிறாள். படியில் அவன் தலை முளைக்கிறது. “படகுதான் சாயுது. அடுப்பை ஊஞ்சல் மாதிரி தொங்க விட்டிருக்காங்க, அது நேரா நிக்குது. ஒரு சொட்டு சிந்தலை.” கையில் டம்ளர், அதன் விளிம்பில் வெயில் மின்னுகிறது. அவன் பார்வை முன்னால் போகும் வேறொரு படகின் சிவப்புப் பாயில் குத்தி நிற்கிறது. சிந்தாமல் காப்பாற்றிய டீயைத் தன் கையாலேயே கடலில் வீசிக் கொட்டிவிட்டு, பாய்க்கயிற்றைப் பற்றி இழுக்கிறான். “அவன் யாரு, நமக்கு முன்னாடி போறதுக்கு?”