ஏழாம் அறையின் சம்மதம்

2061 நவம்பர் 14, திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பது, வெளியே தூறல். விழுப்புரத்து மறுவாழ்வு இல்லம் ஒன்றின் ஏழாம் அறைக்குள் எவர்சில்வர் டம்ளர் ஒன்று தரையில் தட்டப்படும் ஓசை கேட்டது. விழுந்து, பேச்சும் எழாவிட்டால் அப்படித் தட்ட வேண்டும் என்பது இல்லத்தின் வழக்கம்.

கதவு திறக்கவில்லை. புதிய வாடகைச் சட்டப்படி இல்லவாசிகள் அனைவரும் வாடகைதாரர்கள். அவர்கள் வாயால் சம்மதம் சொன்னால்தான் பூட்டு திறக்கும். அச்சட்டத்தைக் கோரிய மனுவில் முதல் கையொப்பம் காப்பாளர் எஸ்தருடையது. "இனிமே என்னைக் கேக்காம உள்ள வர முடியாதுக்கா, பாத்துக்குங்க!" என்று ஏழாம் அறைக் கலியமூர்த்தி சட்டம் வந்த அன்று கேலி செய்திருந்தான்.

"உடைச்சிரலாம்மா," என்றார் சமையற்காரர் துரைக்கண்ணு.

"உடைச்சா உரிமம் போயிடும்ணே. மத்த பதினெட்டுப் பேரும் எங்க போவாங்க?"

எஸ்தர் வாடகைத் தீர்ப்பாயத்துக்கு அவசர மனு அனுப்பினாள். டம்ளர் ஓசையின் பதிவையும் சான்றாக இணைத்தாள். பிறகு கதவருகே உட்கார்ந்து, "தட்டிக்கிட்டே இரு தம்பி, அக்கா இங்கதான் இருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவனும் தட்டினான். ஒன்பது மணி வரை தட்டினான்.

ஒன்பதே காலுக்குத் தீர்ப்பாய ஊழியர் நனைந்தபடி வந்து சேர்ந்தார். "கையெழுத்தாயிடுச்சு மேடம்," என்று உறையை நீட்டினார். எஸ்தர் பிரித்தாள்.

'வாடகைதாரர் இடைவிடாது தட்டுவது, அவர் சுயநினைவுடன் இருப்பதற்குச் சான்று. சம்மதம் தர இயன்றும் அவர் தரவில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'