எதிர்வீட்டுப் பூத்தையல்

கையில் சுத்தியலோடு உம் நாயிஃப், அதாவது நாயிஃபின் அம்மா, வாசற்படியிறங்கி வந்தார்.

"எங்க வீட்டு சைப்ரஸ் மரத்தைக் கொண்டுபோய் அவ வாசல்ல ஒட்டினது யாரு?"

ஜோர்டானின் அம்மான் நகரத்தில், அந்தக் குன்றில் நூற்றுப் பத்துப் படிகள். நடுவே, இரண்டு வீட்டு வாசல்கள் எதிரெதிரே பார்க்கும் மேடையில், இளம் வடிவமைப்பாளர் லுமா வீட்டுக்கொரு பெஞ்சு வடிவமைத்திருந்தாள். அந்த இரு வீட்டுப் பெண்கள் அங்கியில் தைக்கும் சைப்ரஸ், நிலாப் பூத்தையல்தான் பெஞ்சின் ஓடுகளில்.

மாநகராட்சி இன்ஜினியர் ஸுஹைர் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். ஜனங்கள் வந்து உட்கார்ந்தால் மற்ற மேடைகளுக்கும் அனுமதி. இல்லையென்றால் இதோடு சரி. காலையில் திறப்பு விழாவுக்கு வந்தது அவரும் ஒரு பூனையும்.

"உடைக்காதீங்க உம் நாயிஃப்! சிமெண்ட் வைக்கல, எல்லாம் திருகாணிதான்" என்று லுமா பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள்.

எதிர்வீட்டுக் கதவும் படாரென்று திறந்தது. உம் வதீ.

"எங்க நிலாவை அங்கயா வெச்சிருக்கே? அதுவும் பச்சையில?"

ஒரு தண்ணீர்த் தொட்டி யாருடையது என்று தொடங்கிய சண்டையில், இருவரும் ஏழு வருடமாக முகம் பார்ப்பதில்லை. இன்னும் அங்கேயே நின்றிருந்த ஸுஹைர் அனுமதித் தாளைப் பைக்குள் திருப்பி வைத்தார். லுமா தலையைக் குனிந்துகொண்டாள்.

உம் நாயிஃப் குனிந்து தன் வாசல் பெஞ்சின் ஓடுகளை உற்றுப் பார்த்தார். "நிலா எங்கயாவது பச்சையா இருக்குமா? அவளோட நிலா சிவப்பு. என் கல்யாணத்துக்கு அந்த அங்கியைத்தானே போட்டுக்கிட்டு வந்தா!"

பிறகு, யோசிக்காமலே நிமிர்ந்தார். "ஏன் உம் வதீ, இந்தப் பொண்ணுக்கு ஊசி பிடிக்கவாவது தெரியுமா?"

உம் வதீ லுமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ம்க்கும்" என்றார் உம் வதீ. "பட்டன் தைக்கச் சொல்லு, விரலையும் சேர்த்துத் தைச்சுக்குவா."

உம் நாயிஃப் சிரித்துவிட்டார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

பெட்டியிலிருந்து பழைய அங்கிகள் வெளியே வந்தன. தையலை எண்ணிச் சொல்ல மேல்படிப் பெண்கள் வந்தார்கள், எண்ணியது தப்பு என்று சொல்லக் கீழ்ப்படிப் பெண்கள் வந்தார்கள். தீர்ப்பு சொல்ல வந்த கசாப்புக்கடைக்காரரை எல்லோரும் சேர்ந்து விரட்டினார்கள். யாரோ தேநீர் போட்டார்கள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது இரண்டு பெஞ்சிலும் இடமில்லை. உம் நாயிஃபும் உம் வதீயும் ஒரே அங்கியை மடியில் விரித்து, லுமாவை ஒரே குரலில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸுஹைர் நின்றபடியே தேநீரைக் குடித்துவிட்டு அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். தாளைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"உன் அதிர்ஷ்டம், தப்பு நல்லதுல முடிஞ்சுது. அடுத்த மேடையிலயாவது எது யார் வீட்டுப் பூன்னு நல்லாக் கேட்டுட்டு வைம்மா."

லுமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் காதோரம் சொன்னாள்.

"கேட்டுட்டுத்தான் சார் மாத்தி வெச்சேன்."