விரதப் பிள்ளை

“பன்னிரண்டு வயசுப் பிள்ளை இருபத்தொரு கிலோ! பெத்தவங்க ரெண்டு பேருக்கும் கண்ணு எங்கே போச்சு?”

மதுரையில் குடல் நோய் பார்க்கும் அந்தப் பெண் மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்டுவிட்டார். பிள்ளையின் அப்பா சங்கரபாண்டியனுக்கு முகம் சுருங்கிற்று. நெற்றித் திருநீறு கலையாமல் வேர்வையை ஒற்றிக்கொண்டார்.

சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சிடும் கம்பெனி ஒன்றில் புரூப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. எந்தத் தாளில் சஷ்டி, எந்தத் தாளில் கிருத்திகை, எது பிரதோஷம் என்று அவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மிஷின் ஓடும். ஊருக்கெல்லாம் விரத நாள் குறித்துக் கொடுப்பவர் வீட்டில் விரதம் தவறுமா?

“ஒண்ணுமில்ல டாக்டரம்மா. கந்த சஷ்டி விரதம் இருந்தா. மூணாம் நாள் பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டா. சாத்தூர்ல காட்டினோம். அவுகதான் இங்க அனுப்புனாக.”

“மூணு நாள்ல எட்டு கிலோ குறையுமா? போன வருஷம் பள்ளிக்கூடத்துல எடை பார்த்த அட்டையில இருபத்தொன்பதுன்னு போட்டிருக்கே?”

“வருசம் பூராவுமே இருப்பா. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை ஒண்ணு விடமாட்டா. அவுக அம்மாவைப் பார்த்து வந்த பழக்கம். எங்க தெருவுல இவளை விரதப் பிள்ளைன்னுதான் சொல்லுவாக.”

அந்த வேளையிலும் அவர் குரலில் ஓர் இழை பெருமை ஓடியது. எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் தன் மகளைத் திட்டுவதே இவளை வைத்துத்தான்: “கீர்த்திகாவுக்கு முருகன் மேல எம்புட்டுப் பக்தி! நீயும் இருக்கியே, முறுக்குச் சட்டியைக் கட்டிக்கிட்டு!”

“பிள்ளையோட சதையைக் கொண்டான்னு முருகன் வந்து கேட்டாரா?” என்றார் மருத்துவர்.



மருத்துவர் கீர்த்திகாவைப் படுக்கவைத்து, அடிவயிற்றின் வலப்பக்கம் மெல்ல அழுத்தினார். பிள்ளை புழுவாய்ச் சுருண்டாள்.

“உண்மையைச் சொல்லு கண்ணு. சாமிக்காகவா சாப்பிடாம இருந்தே?”

கீர்த்திகா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். தங்கத்தாய் முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டா வயிறு முறுக்கும். உடனே வெளிக்குப் போகணும். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ்ல தண்ணி வராது.” பிள்ளையின் குரல் இன்னும் தாழ்ந்தது. “விரதம்னு சொல்லிட்டா யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டாக.”

“ரத்தம் போகுதா?”

“ம்.”

“எத்தனை மாசமா?”

“தைப் பொங்கலுக்கு முந்தியே.”

பத்து மாதம்! பசியோடும் வலியோடும் பத்து மாதம் அலைந்த பிள்ளையைத்தான் சங்கரபாண்டியன் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் கைகாட்டி மகிழ்ந்திருக்கிறார். அந்த எண்ணத்தை அவரால் தாங்க இயலவில்லை. தாங்காத பாரத்தை இறக்கிவைக்க ஓரிடம் தேடினார், பக்கத்திலேயே இருந்தது.

“ஏய், உனக்குத் தெரியுமா இது?”

தங்கத்தாய் தெரியும் என்று தலையசைத்தாள்.

“தெரிஞ்சுமா வாயில கொழுக்கட்டையை வச்சிருந்த?”

“மாதுளை ஓடு காய்ச்சிக் குடுத்தேங்க. மோருல வெந்தயம் போட்டுக் குடுத்தேன்.”

“பெரிய வைத்தியச்சி! நான் சீசன் நேரத்துல கம்பெனியே கதின்னு கிடந்தேன். நீ வீட்லதான இருந்த? பிள்ளை கண்ணு முன்னால கரையுது, பார்த்துக்கிட்டு இருந்திருக்க. நீயெல்லாம் ஒரு தாயி!”

கீர்த்திகா அழத் தொடங்கினாள்.

“சத்தம் போடாதீங்க” என்று மருத்துவர் அதட்டினார். “குடல்ல நாள்பட்ட புண்ணு இருக்குமோன்னு சந்தேகப்படறேன். காசநோயாக்கூட இருக்கலாம். நாளைக்குக் காலையில மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு உள்ளே பார்த்தாத்தான் தெரியும்.”

“பார்த்துட்டா சரியாக்கிருவீகள்ல?”

மருத்துவர் எடை அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“காசநோய்னா மருந்துல தீரும். நான் நினைக்கிற நாள்பட்ட புண்ணா இருந்தா, முழுசாத் தீராது. காலம் பூரா மருந்து கொடுத்து அடக்கி வைக்கலாம். குடல் ரொம்பச் சுருங்கியிருந்தா வெட்டி எடுக்கவேண்டி வரும். அதைத் தாங்க இந்த உடம்புல என்ன இருக்கு? முன்னாடியே கொண்டுவந்திருக்கணும்.”

நாள்தோறும் நூற்றெட்டு முறை முருகன் நாமத்தைச் சொல்பவர் அவர். கூப்பிட எந்தத் தெய்வத்தின் பெயரும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

மருத்துவர் பேனாவைத் திறந்தார்.

“குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா? சில குடும்பத்துல இது தொடர்ந்து வரும். தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்.”

“கிடையாது டாக்டரம்மா. எங்க வகையிலயும் இல்ல, இவ வகையிலயும் இல்ல” என்றார் சங்கரபாண்டியன், மனைவியின் பக்கம் திரும்பாமலே. “இருந்தா எனக்குத் தெரியாதா?”

மருத்துவர் எழுதப்போனார். அப்போதுதான் தங்கத்தாய் நிமிர்ந்தாள்.

“அப்படி எழுதாதீக டாக்டரம்மா. எனக்கு இருக்கு. பதினாலு வருசமா ரத்தம் போகுது. நான் சாகலையேம்மா... அதான், எம்மகளும் பொறுத்துக்கிடுவான்னு இருந்துட்டேன்.”