தொலைந்த புள்ளி

ஊதிப் பெருத்த அந்தக் கிழட்டு நட்சத்திரம், தன்னை ஒட்டிச் சுற்றும் ராட்சதக் கோளை எப்போதோ விழுங்கியிருக்க வேண்டும். கோள் என்னவோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்ட வானியல் ஆராய்ச்சிக்காரி, பழக்கதோஷத்தில் தாளைக் கணவனின் மேஜையில் வைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். அவள் கணக்கையெல்லாம் சரிபார்த்தவன் அவன்தான். இறந்து மூன்று மாதமாகிறது.

திரும்பி வந்தபோது, அவள் எழுதிய 93 நாள் 9.3 ஆகியிருந்தது. கீழே பென்சிலில் அவன் கையெழுத்து: “புள்ளிய எங்க தொலைச்சே, தாயே?”

“இங்க யாராவது வந்தாங்களா?”

“இல்லையேக்கா. சாவி உங்ககிட்டதானே இருக்கு?” என்றாள் பக்கத்து அறைக்காரி.

மறுநாள் போட்ட புதுக் கணக்கு சரியாகவே வந்தது. அவள் அதிலிருந்த புள்ளியை வேண்டுமென்றே அழித்தாள். தாளை அவன் மேஜையில் வைத்து, பென்சிலைச் சீவி அதன்மேல் வைத்துவிட்டு, பசியில்லாமலே சாப்பிடப் போனாள்.