பசறை றோட்டில் போன கார்

“இண்டைக்கும் வந்து நிக்கிறாள் பாரு, அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு. என்ன வேணுமாம் அவளுக்கு?”

குசினி வாசலில் நின்று ஸைனப் கேட்டது, முற்றத்துக் கொட்டிலில் இருந்த தம்பி இத்ரூஸுக்குக் கேட்டிருக்கும். அவன் தலையை நிமிர்த்தவில்லை. முழங்கை வரை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, கார்ச் சக்கரத்துக்கு மேல் பூட்டும் புது மட்காட்டின் விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் பூசாவிட்டால் அதன் ஃபைபர்த் தூசு பட்ட இடமெல்லாம் அரிக்கும்.

“காரப் பாக்கத்தான் வந்திருக்காள். பாத்துட்டுப் போகட்டும், ராத்தா.”

பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று ஸைனப்புக்குப் புரியவில்லை. கூரையில்லாத, இரண்டே ஆட்கள் உட்காரக்கூடிய பழைய பந்தயக் கார். இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துரையிடம் இளம் வயதில் இத்ரூஸ் வாங்கியது. பதுளை மழையில் தகரமெல்லாம் துருப்பிடித்துப்போய்விட்டது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். அதனால் அந்தப் பாகங்களை ஃபைபரில் வார்ப்பித்து, ரயிலில் வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தான்.

“இது தகரம் இல்லீங்களா, ஐயா?” என்றாள் அந்தப் பெண். இருபது வயதிருக்கும். பெயர் பாக்கியலெட்சுமி என்று நேற்றுச் சொல்லியிருந்தாள்.

“இல்ல பிள்ளை. கண்ணாடி நூலையும் பசையையும் சேத்துச் செய்யிறது. நீர்கொழும்பில படகு வார்க்கிற ஆள் ஒருத்தர், பழைய மட்காட்ட அச்சா வெச்சி வார்த்துத் தந்தார்.”

“கண்ணாடின்னா ஒடைஞ்சிறாதுங்களா?”

“கடல்ல படகே ஒடையல்ல. ஆனா போல்ட்ட அளவுக்கு மிஞ்சி இறுக்கினா வெடிச்சிடும். அதுக்குத்தான் இந்த றப்பர் வாசர். கொஞ்சம் பிடிச்சுக்க, பாப்பம்.”

அவள் தூக்கிப் பிடித்தாள். ஒரு கையே போதுமாயிருந்தது. “அட, கொழுந்துக் கூடை பாரம்கூட இல்லீங்களே!” என்று சிரித்தாள்.

துளை அரை விரல் தள்ளி இருந்தது. இத்ரூஸ் கழற்றித் தேய்த்தான், மறுபடி வைத்துப் பார்த்தான். அவள் கண் மட்காட்டில் இல்லை. ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல ரெண்டு பேருதான் போகலாமுங்களா? மூணு பேருக்கு எடமில்லீங்களா?”

இத்ரூஸின் அரம் ஒரு கணம் நின்றது. “நெருக்கினாப் போகலாம்” என்றான்.

ஸைனப் குசினி வாசலிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கார் இந்தக் குடும்பத்துக்குச் செய்தது போதாதா? இருபது வருடத்துக்கு முன் இத்ரூஸுக்குப் பண்டாரவளையில் பெண் பேசி நாளும் குறித்திருந்தார்கள். அப்போதுதான் மடுல்சீமைப் பக்கமிருந்து பசறை றோட்டில் அவன் வந்ததைக் கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து ஆசனத்தில் ஒரு தோட்டத்துப் பெண் சாய்ந்து கிடந்தாளாம். அவனுடைய கோட்டைப் போர்த்தியிருந்தாளாம். பேச்சு பண்டாரவளைக்குப் போனது, கல்யாணம் நின்றது.

“யாரடா அவள்?” என்று வாப்பா கேட்டார்.

“கேக்காதீங்க வாப்பா” என்று மட்டுமே சொன்னான்.

வாப்பா காரைக் கொட்டிலில் தள்ளிப் பூட்டினார். அதன்பின் மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வருடம் அவர் மௌத்தாகி அடக்கமான பிறகுதான் கொட்டில் திறந்தது. இத்ரூஸ் வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தலை நரைத்துவிட்டது. இப்போது இன்னொரு தோட்டத்துப் பெண்!

ஸைனப் முற்றத்தில் இறங்கினாள். “இஞ்ச பாரு பிள்ளை. உனக்கு எந்தத் தோட்டம்? உன்ட உம்மா யார்?”

அவள் மட்காட்டை இறக்கிவைத்தாள். “மடுல்சீமைங்க. அம்மா பேரு பெரியாயி. நேத்தே சொல்லணும்னு வந்தேன், வாய் வரல. ஐயாகூட இந்தக் கார்ல வந்தது எங்கம்மாதாங்க.”

இத்ரூஸ் எழுந்து நின்றான். அரம் கையிலேயே இருந்தது.

ஸைனப் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இருபது வயது. கணக்குச் சரியாகத்தான் வந்தது.

“இத்ரூஸ்! அப்ப இவள்... உன்ட புள்ளையா?”

அவன் அரத்தைக் கீழே வைத்தான்.

“ஐயோ, இல்லீங்கம்மா!” பாக்கியலெட்சுமி பதறிப்போனாள். “எங்கப்பா முருகையா. அம்மாவும் அவரும் நேத்துலேருந்து ஸ்டேசன்ல மூட்டை முடிச்சோட இருக்காங்க. சாயங்கால ரயில்ல தலைமன்னார் போயி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுறோம். திரும்பி வரமாட்டோம். அதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டுப் போகணும்னுதான் வந்தேன்.”

“இதில பாக்க என்ன இருக்கு?”

“நான் பொறந்த எடமுங்க.”

அவள் ஆசனத்தைத் தொட்டாள். “ஆஸ்பத்திரிக்குத் தனியா நடந்து வந்த அம்மா, மழையில வழுக்கி றோட்டுல கெடந்துச்சாம். ஐயாதான் தூக்கி ஏத்துனாராம். பசறை வர்றதுக்குள்ள நான் பொறந்துட்டேன். ஐயாதான் கையில ஏந்துனாராம். கோட்டைக் கழட்டி ரெண்டு பேரையும் போத்தி, ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டுப் போனாராம்.”

ஸைனப் தம்பியின் பக்கம் திரும்பினாள். “இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாப்பா உன்னக் கட்டிப்பிடிச்சிருப்பாரேடா! ஏன்டா சொல்லேல்ல?”

பதில் சொன்னது அந்தப் பெண்தான்.

“அந்நிய ஆம்பள பிரசவம் பாத்தாருன்னு தெரிஞ்சா தோட்டத்து லயத்து வீடுகள்ல தல காட்ட முடியாது, யாருக்கும் சொல்லிறாதீங்கன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிருச்சுங்க. இனிமே சொல்லிக்கலாமாம், ஐயா.”