வாய் நிறையத் தண்ணீர்

2004 வைகாசியில், லண்டனின் மிச்சம் பகுதித் தேவாலயத்தின் அலுவலக அறையில் இருந்தவர்கள்: என் மகன் டினேஷ், அவன் கட்டவிருந்த றொசானா, அவளுடைய தகப்பன் எட்வேட், என் மனைவி மரியநாயகி, கானாவிலிருந்து வந்த எங்கள் பங்குத்தந்தை, நான்.

ஆமை பிறகு வரும்.

கலியாணப் படிவம் நிரப்பும் நாள். மாப்பிள்ளை முன்பு மணம் முடித்தவரா என்று பெற்றோரிடம் கேட்பார்கள்.

முடித்தவன்தான். பத்து வருடங்களுக்கு முன்பு ஜெர்மனியில், விசாவுக்காக, ஒரு வெள்ளைக்காரியுடன் பதிவு. பிறகு விவாகரத்து. தாலி இல்லை, பூசை இல்லை, பலகாரம்கூட இல்லை. எங்கள் ஆட்கள் யாரும் அதைக் கலியாணம் என்று சொல்லமாட்டார்கள். படிவத்துக்கு இதெல்லாம் விளங்காது. எட்வேட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் அத்தோடு சரி.

எங்கள் குடும்பத்து ஆண்கள் மூன்று தலைமுறையாகப் பொய் சொன்னதில்லை. அதற்கு மனைவிமார் இருக்கிறார்கள்.

மரியநாயகி, இல்லை என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து கௌரவமாகப் பேசாதிருந்தேன்.

பங்குத்தந்தை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தன் ஊர்க் கதை ஒன்றைத் தொடங்கினார். இலத்தீனில் பூசை கண்டு வளர்ந்தவன் நான். அறுபத்தெட்டு வயதில் ஆமைக் கதை கேட்கத்தான் லண்டன் வந்திருக்கிறேன்.

வறட்சிக் காலமாம். பொதுப் பானையில் தண்ணீர் களவு போனதாம். சிங்கம் எல்லா மிருகங்களையும் வரிசையில் நிறுத்தியது. முயல் சத்தியம் செய்தது. கழுதைப்புலி அழுதது. ஆமை மட்டும் தலையை நிமிர்த்திப் பேசாமல் நின்றது. என்ன பெருந்தன்மை என்று எல்லாரும் வியந்தார்கள்.

சிங்கம் ஆமையிடம் களவைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெயரை மட்டும் கேட்டது.

ஆமை வாயைத் திறந்தது. தண்ணீர் கொட்டியது.

எட்வேட் மேசையில் தட்டிச் சிரித்தார்.

பங்குத்தந்தை பேனாவைத் திறந்தார். என் முழுப் பெயரைக் கேட்டார். ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் இருக்கும் என்னிடம்.

நான் பேசவில்லை.

“சம்பந்தியாருக்குக் குடிக்கத் தண்ணி ஏதும் வேணுமோ?” என்றார் எட்வேட்.

மரியநாயகி முழங்கையால் இடித்தாள். “இஞ்சேருங்கோ, பேரையெண்டாலும் நீங்கள் சொல்லுங்கோவன்.”

தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். மரியாம்பிள்ளை கிறிஸ்துநாயகம்.

பங்குத்தந்தை படிவத்தின் அடியிலிருந்து ஒரு தாளை இழுத்து, அதில் ஓரிடத்தில் விரலை வைத்து, தலையாட்டினார்.

ஆமைக் கதை கேட்டு நான் விம்மி விம்மி அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக விம்பிள்டன் வரை பேசுகிறார்கள்.

தவறு. பெயரைத் தவிர ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை. டினேஷ் புதன்கிழமையே பங்குத்தந்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஜெர்மன் பதிவின் பிரதியையும் விவாகரத்துத் தாளையும் கொடுத்திருந்தான். எட்வேட்டுக்கு அதற்கு முந்தின ஞாயிறே தெரியும். கலியாணமும் ஆவணியில் நடந்தது.

அந்தப் பிரதியில் சாட்சியின் இடத்தில் என் பெயர் இருந்தது. தகப்பன் பெயரோடு, என் கையெழுத்தில்.